அஞ்சாமைச் சான்று

அர்த்தநாரிக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. தன்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்களெல்லாம் அவர் கணக்கில் ஏதோ ஒரு வகையில் அரைகுறை. கலெக்டர் என்றால் கையெழுத்துப் போடத் தெரிந்த பயல். டாக்டர் என்றால் படித்துவிட்டு ஊசி குத்துகிறவன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். நாலு மாநிலத்தில் ஓடின. பாறையைத் துளைத்துத் தண்ணீரைக் கொண்டுவருகிற தனக்கு எதிரே நின்று பேச எவனுக்கும் யோக்கியதை இல்லை என்பது அவருடைய முடிவான கருத்து. அந்தக் கருத்தை அவர் யாரிடமும் சரிபார்த்துக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், மகள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரத்தத்தைக் கொண்டுவா என்றது சட்டம்.

சட்டம் வந்து சில வருஷங்களாகியிருந்தது. பெண், மாப்பிள்ளை இருவருக்கும் அஞ்சாமைச் சான்று இல்லாமல் எந்தக் கல்யாணமும் பதிவாகாது. ஊர்ச் சனம் அதைப் 'பயச் சோதனை' என்றது. அர்த்தநாரி அதை என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது.

"ஏன்டா சம்பத்து, பயத்தை எப்படிடா ரத்தத்துல பாப்பானுங்க? படிச்ச நாயிக ஊரை ஏய்க்கறானுங்க."

சம்பத்து அவருடைய பங்காளி வீட்டு மருமகன். நாமக்கல்லில் இருந்த அஞ்சாமை மையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தது அர்த்தநாரி. அதனால் சம்பத்து அவர் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான், முதுகு சாயமாட்டான்.

"ஏய்க்கறதில்லீங்க மாமா. மனுசன் பயந்தா உடம்புல ஒரு சாறு ஊறுமுங்க. அது ரத்தத்துல இருக்கற சிவப்பணு மேல போயி ஒட்டிக்கும். ஒட்டுனா ஒட்டுனதுதான், அந்த அணு சாகற வரைக்கும் போகாது. சர்க்கரைக்கு மூணு மாசச் சராசரி பாக்கறாங்கல்லீங்க, அதே மாதிரி."

"முந்துன நாளு தூக்க மாத்திரை ஒண்ணு குடுத்துட்டா?"

"சர்க்கரைக்காரன் ரெண்டு நாளு லட்டுத் திங்காம இருந்துட்டு டாக்டரை ஏமாத்தப் பாப்பானே, அந்தக் கதைதானுங்க. மூணு மாசக் கணக்கு அப்படியே எந்திரிச்சு நிக்கும். அஞ்சு வரைக்கும் இருந்தா சாதாரணம். ஒம்பதைத் தாண்டுனா கல்யாணம் நின்னு போகும். ஒரு வருசத்துக்குப் பேச்சே எடுக்க முடியாது. பொண்ணு எங்க வேணா போயி இருந்துக்கலாம்னு அங்கயே ஆணை குடுத்து, போலீசோட அனுப்பிருவாங்க."

அர்த்தநாரி மனதுக்குள் மூன்று மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆனால் முகத்தில் காட்டவில்லை.

மகள் மிதுனாவை அவர் மூன்று மாதமாக வீட்டை விட்டு வெளியே விடவில்லை. கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சங்ககிரி நூற்பாலை பொன்னுரங்கத்தின் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் நேருக்கு நேர் சொன்னாள். பொன்னுரங்கம் சம்பந்தியானால் அந்தப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் தண்ணீர் யார் எடுத்துக் கொடுப்பது என்பதில் கேள்வியே இருக்காது. இந்தச் சின்ன விஷயம் புரியாத பெண்ணை என்ன செய்வது? போனைப் பிடுங்கிக்கொண்டார், அறையைப் பூட்டினார், கையை ஓங்கினார். அவள் பயப்பட வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தார். இப்போது அதே பயம் கல்யாணத்துக்கு எமனாக வந்து நின்றது.

"வேற எவ ரத்தத்தையாவது வெச்சுர வேண்டியதுதான்" என்றார்.

"மெஷின் ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கும். குரூப்பும் பாக்குமுங்க. மிதுனாவுக்கு பி நெகட்டிவ். அது லேசுல கெடைக்காது. அத்தைக்கு அதே குரூப்தான். ஆனா..." சம்பத்து இழுத்தான்.

"ஆனா என்ன?"

"அத்தைக்கு எண் எப்படி இருக்கும்னு..."

அர்த்தநாரி சிரித்தார். இவனுக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்தது தன் பெருந்தன்மை என்பது போன்ற சிரிப்பு.

"உங்க அத்தைக்கு என்னடா பயம்? ராணி மாதிரி வெச்சிருக்கறன். என்ற ஊட்டுல எவளுக்கும் பயம் கெடையாது. மரியாதை. அது வேற, இது வேற."

அவர் அதை மனதாரச் சொன்னார், அதுதான் வேடிக்கை. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மனைவி செல்வநாயகி டி.வி.யை அணைத்துவிடுவாள். அவர் செருமினால் தண்ணீர் வரும். அவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை அவள் சுவரை ஒட்டி நிற்பாள். ஒரு தடவை ரசத்தில் உப்புக் கூடிப்போனதற்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை, தட்டை மட்டும் நகர்த்தினார். அதற்கு அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த பெண்பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பாள் என்று அவர் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"மிதுனா பேருல என்ற ரத்தத்தைக் குடுக்கோணுமுங்களா?"

"ஆமா. கையை நீட்டறதுதான. பெரிய வேலையா?"

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மையத்தில் ரத்தம் எடுக்கும் அறைக்குக் கண்ணாடிக் கதவு. அர்த்தநாரி வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுத்தடுத்து இரண்டு நாற்காலி. ஒன்றில் மிதுனா, இன்னொன்றில் செல்வநாயகி. கல்யாண வீட்டில் வேறு யாராவது விரும்பினால் அவர்களும் கூடவே சோதித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் சம்பத்து அத்தையின் பெயரையும் பதிந்திருந்தான்.

ரத்தம் எடுக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருகிற பாடம் ஊசி குத்துவதல்ல. 'உங்க பேர் என்ன?' என்று கேட்பதுதான். 'நீங்கதானே இன்னார்?' என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள், யாராக இருந்தாலும். அடுத்த பாடம், ரத்தம் குழாயில் இறங்கிய பிறகுதான் பெயர்ச் சீட்டை ஒட்ட வேண்டும். அதுவும் ஆள் எழுந்து போவதற்கு முன், அவர் கண் முன்னாலேயே. வெறுங்குழாயில் முன்கூட்டியே சீட்டு ஒட்டி வைப்பது அந்தத் தொழிலில் மகா பாவம்.

சம்பத்து அந்தப் பாவத்தைக் காலையிலேயே முடித்து வைத்திருந்தான். ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்களிலும் சீட்டு ஒட்டியாயிற்று. 'நீங்கதானுங்களே மிதுனா?' என்று அவளிடமே, அறைக் கேமராவுக்குக் கேட்கிறாற்போலக் கேட்டான். ரப்பர் பட்டையைக் கட்டினான். கையை மூடச் சொன்னான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். மிதுனாவின் ரத்தம் செல்வநாயகி என்று எழுதிய குழாயில் இறங்கியது. செல்வநாயகியின் ரத்தம் மிதுனா என்று எழுதிய குழாயில் இறங்கியது. இரண்டையும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தித் தாங்கியில் வைத்தான். தொழில் தெரிந்தவன்தான், முதுகெலும்புதான் இல்லை.

மிதுனா தன் குழாயின் சீட்டைப் படித்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்ற அர்த்தநாரிக்கு அது தெரிந்தது. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கத்தப் போகிறாள், கெட்டது குடி என்று அவர் கதவில் கை வைத்தார். செல்வநாயகி மெல்லத் தலையை அசைத்தாள். மிதுனா வாயை மூடிக்கொண்டாள்.

ஊசி வலித்திருக்கும், அதுதான் இவள் தலையை ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அர்த்தநாரி. மகள் வாயை மூடியதற்குக் காரணம் தன் வளர்ப்பு என்றும் நினைத்துக்கொண்டார்.

அன்றே முடிவு. அதைச் சொல்லும்போது இரண்டு குடும்பமும் எதிரில் இருக்க வேண்டும். பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியில் மகனோடு வந்து உட்கார்ந்திருந்தார். முகூர்த்த நாளை இங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று பஞ்சாங்கம் வேறு கொண்டுவந்திருந்தார். ரத்தம் சொல்வதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை, பருத்தியைக் கேட்டுவிட்டா நூற்கிறோம் என்று நினைக்கிற ரகம்.

மையத்தின் டாக்டர் ஹேமலதா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஆறு. கொஞ்சம் கூடுதல்தான். பரவாயில்லை, அனுமதிக்கலாம்."

"அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே பல்லின்னா ஆகாதுங்க" என்றார் பொன்னுரங்கம். மாப்பிள்ளை காதெல்லாம் சிவந்து போய் உட்கார்ந்திருந்தான்.

"அடுத்தது பெண்ணோட அம்மா, செல்வநாயகி. மூணு." டாக்டர் நிமிர்ந்து செல்வநாயகியைப் பார்த்தார். "இவ்வளவு குறைச்சலா நான் பார்த்ததே இல்லீங்கம்மா. யாருக்குமே பயப்படாத ரத்தம். குடுத்து வெச்சவங்க."

"அடேங்கப்பா!" பொன்னுரங்கம் தொடையைத் தட்டினார். "அர்த்தநாரி ஊட்டுல ராணியாட்டம்னு சொல்லுவாரு. நான் சும்மா பீத்திக்கறாருன்னு நெனச்சேன். ரத்தமே சொல்லுதே! இனிமே எங்க ஊருப் பக்கமெல்லாம் இதைத்தான் நான் சொல்லப் போறன்."

அர்த்தநாரி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றார். செல்வநாயகியின் பெயரில் இருந்தது மிதுனாவின் ரத்தம் அல்லவா? அப்படியென்றால் மூன்று என்பது அவளுடைய எண். பூட்டி வைத்து, மிரட்டி, கையை ஓங்கி, மூன்று மாதம் பாடுபட்டதற்கு வந்த எண் மூன்று. குழாயை மாற்றாமல் விட்டிருந்தால் இந்தப் பெண் பட்டென்று தேறியிருப்பாள், கல்யாணமும் முடிந்திருக்கும். அப்படியானால் இன்னொரு குழாய்?

"பெண்ணுக்கு..." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மிதுனாவுக்குப் பதினாலு."

சுவரோரம் நின்ற சம்பத்து கதவுப் பக்கமாக ஓரடி நகர்ந்தான்.

"போன மாசம் ஒரு பெண்ணைக் கயித்தால கட்டி வெச்சிருந்து கூட்டிட்டு வந்தாங்க. அவளுக்கே பதினொண்ணுதான். பதினாலுன்னா தூக்கத்துலகூடப் பயம் விடலைன்னு அர்த்தம்."

"அது பயமில்லீங்க" என்றார் அர்த்தநாரி. நாக்கு தானாகவே பழைய தடத்தில் ஓடியது. "மரியாதைங்க. எங்கூட்டு வழக்கம் அது."

"மரியாதை ரத்தத்துல ஒட்டாதுங்க. நாங்களும் ரொம்ப நாள் தேடிப் பார்த்துட்டோம்."

"மெஷின் தப்பா இருக்கும்!"

"இருக்கலாம். அதுக்குத்தான் ஒரு வழி இருக்கு." டாக்டர் கதவைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இப்பவே, எல்லார் முன்னாலயும், நானே என் கையால மிதுனாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கறேன். வேற எண் வந்தா கல்யாணத்துக்குத் தடையில்ல. ஆனா அப்ப இந்தப் பதினாலு யாரோட ரத்தம்னு நான் கண்டுபிடிச்சாகணும். பி நெகட்டிவ், பெண். இன்னிக்கு ரத்தம் எடுக்கற அறைக்குள்ள இருந்தவங்க எத்தனை பேர்?"

அர்த்தநாரி வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் சொன்னதை உடனே புரிந்துகொண்டார். மறுபடி எடுத்தால் மகளுக்கு மூன்று வரும். பொன்னுரங்கம் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார், நினைத்ததெல்லாம் கைகூடும். ஆனால் அந்தப் பதினாலு எழுந்து வந்து ராணியின் மடியில் உட்காரும். இப்போதுதான் தொடையைத் தட்டிய பொன்னுரங்கம் அதைப் பார்ப்பார். சங்ககிரி, ராசிபுரம், பரமத்தி, எல்லா இடத்திலும் அவர் வாய் ஓடும். அர்த்தநாரி பொண்டாட்டி தூக்கத்திலேகூட நடுங்குகிறாளாம்!

ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் பெருமை. எதை விடுவது? பெரிய மனிதர்கள் இம்மாதிரி நேரத்தில் அதிகம் யோசிப்பதில்லை. தங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

"வேண்டாமுங்க" என்றார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது. அது என்ற பொண்ணு ரத்தந்தான். பொட்டப்புள்ள அப்பனுக்குப் பயந்து நடந்தாத்தான அது குடும்பம்?"

வேண்டாம் என்று மூன்று மாதமாக மகள் சொன்னதை, அவள் வாய் திறக்காமலே, அப்பன் தன் வாயால் சொல்லி முடித்தார்.

பொன்னுரங்கம் பஞ்சாங்கத்தைச் சுருட்டினார். "பதினாலுன்னு தெரிஞ்ச புள்ளையக் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு நாங்க பயமுறுத்துனோம்னுதானுங்க சொல்லுவாங்க. எங்களுக்கு எதுக்குங்க வம்பு" என்று எழுந்தார். மாப்பிள்ளை அவருக்கு முன்னால் வெளியேறினான். அவன் முகத்தில் இருந்தது நிம்மதி என்பது குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

மிதுனாவுக்கு அங்கேயே ஆணை தட்டச்சாகி வந்தது. கோயம்புத்தூருக்கு அழைத்துப்போக மையத்தின் வண்டி வாசலில் நின்றது, ஒரு பெண் காவலரும் வந்து சேர்ந்தார். அர்த்தநாரி நடைபாதையில் மகளை மறித்தார்.

"சீட்டு மாறியிருந்ததைப் பாத்தீல்ல? அப்பவே ஏன் சொல்லல?"

"அம்மா வேண்டாம்னு தலையாட்டுச்சு. அம்மா எதுக்கோ சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

"உனக்கு மூணு." அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "அறையில போட்டுப் பூட்டுனேன். கையை ஓங்குனேன். உனக்குப் பயமே வல்லியா?"

மிதுனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாரையும் அப்படிப் பார்ப்பது அவருடைய பழக்கம், அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்க மேல பயமா? எனக்கா? மொதல்ல எரிச்சலா இருந்துச்சுப்பா. அப்புறம் சிரிப்பா இருந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க கத்துவீங்களே, அப்ப நான் உள்ளாற தலை பின்னிட்டு இருப்பேன். கடைசியில உங்களை நெனச்சாலே ஒரு மாதிரி கேவலமா இருந்துச்சு. அதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் மெஷின் வரல."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் போனாள். கையைப் பிடித்தாள்.

"பதினாலாம்மா? இத்தனையும் உள்ளாற வெச்சுட்டா இருந்தே? நீயும் வா, போயிரலாம்."

பக்கத்தில் வந்த டாக்டர் ஹேமலதாவின் முகம் கடுத்திருந்தது. அவருக்குப் புரியாமல் இருக்குமா? "இவங்க பேர்ல இருக்கறது மூணு. மூணுக்கு நான் ஆணை குடுக்க முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் நின்று, "அவங்களே மறுபடி ரத்தம் குடுக்க வந்தா யாரும் தடுக்க முடியாது" என்றார்.

"நீ போ கண்ணு" என்றாள் செல்வநாயகி. "வேலையில சேரு. போனதும் போன் பண்ணு." வண்டி கிளம்பும் வரை அவள் வாசலில் நின்றாள். அழுவாள் என்று அர்த்தநாரி எதிர்பார்த்தார். அழவில்லை.

வழக்கமாகக் காரில் அவள் பின் சீட்டில்தான் உட்காருவாள். இன்று முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் அவர் கேட்டார்.

"உன்ற ரத்தம் எப்படி இருக்கும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சேதான் கையை நீட்டுனியா?"

"நீங்கதானுங்க நீட்டச் சொன்னீங்க." செல்வநாயகி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்னைக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கறனுங்க?"

ஒரு லாரி உரசிக்கொண்டு முந்திப் போனது. அர்த்தநாரி அதைத் திட்டவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கோணுமுங்க" என்றாள் அவள். "வர்ற வாரம் நான் ஒருக்கா நாமக்கல்லு வரைக்கும் வந்து, என்ற பேருலயே ரத்தம் குடுத்துப் பாக்கலாம்னு இருக்கறன். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரியாத் தெரியறாங்க."

அவருக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. காரை ஓரமாக நிறுத்தினார். கல்யாணம் போயிற்று, மகள் போனாள். இனி மிச்சமிருப்பது ஊர் வாய்க்குள் போகாத அந்த ஒரே ஒரு எண். அது இந்தப் பெண்பிள்ளையின் கை நரம்பில் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் அவள் நீட்டிக்கொள்ளலாம்.

"எதுக்குங்க அம்மிணி இப்ப அதெல்லாம்?" என்றார். "ஊட்டுக்குப் போயி நிதானமாப் பேசிக்கலாமுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. செல்வநாயகி திரும்பி அவரைப் பார்த்தாள். போலாம் என்று கையைக் காட்டினாள், அவர் வண்டியை எடுத்தார். இப்போதெல்லாம் வீட்டில் அவர் அப்படித்தான் பேசுகிறார். பயமில்லையாம், மரியாதையாம்.